ஆச்சு

பூனைக்கு ஜாங்கிரி என்று பேர் வைத்தால் சர்க்கரை வியாதி வராமல் சளியா பிடிக்கும் என்று நாச்சிமுத்துவை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள் கால்நடை டாக்டர் கோகிலா. இன்றைக்கு அந்தக் கேலிக்கு வாய் வரவில்லை. ஒன்பது கிலோவிலிருந்து ஆறு கிலோவுக்கு இறங்கி, போன மாதம்தான் முதல் முறையாக ஜன்னல் திட்டுக்குத் தாவிக் காட்டிய பூனை, அவளுடைய மேஜைமேல் கால்களை உதைத்து உதைத்து அடங்கிப்போனது. சுகர் மீட்டர் எண்ணே காட்டவில்லை. ‘லோ’ என்று மட்டும் காட்டியது. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினாள். மத்தியானம் வரை இழுத்துக்கொண்டு கிடந்து, இரண்டாவது பாட்டில் பாதி ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

“சக்கரத் தண்ணி நாக்குல தடவினேனுங்க அம்முணி. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியேதான். உள்ள எறங்கலீங்க,” என்றார் நாச்சிமுத்து. மில்லில் முப்பது வருஷம் சூப்பர்வைசராக இருந்து நூறு பேரை அதட்டியவர். மனைவி போன பிறகு கணபதி பகுதியில் ஆறாவது மாடி ஃபிளாட்டில் அவரும் ஜாங்கிரியும்தான். இப்போது காலிக் கூடையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

இந்த மாதத்தில் இது மூன்றாவது பூனை. மூன்றும் மணி வைத்த பூனைகள்.

மணி என்றால் கழுத்தில் கட்டுகிற மணி இல்லை. புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிட்டால் போதும், தானே சுகர் பார்க்கும், தானே இன்சுலின் விடும். ஆறு மாதத்துக்கு வேண்டிய மருந்து பாகு மாதிரிக் கெட்டியாக அதற்குள்ளேயே இருக்கும். மருந்து விடும்போது மட்டும் ‘டிங்’ என்று ஒரு சின்னச் சத்தம். கம்பெனி வைத்த இங்கிலீஷ் பேர் நீளமானது, யார் வாயிலும் நுழையவில்லை. ஊர் அதை மணி என்று கூப்பிட்டது.

மணிக்கு முன்னால் இருந்த நிலைமையைச் சொல்ல வேண்டும். ஊர்ப் பூனைகள் குண்டானதற்குப் பூனையைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மதில் ஏறி எலி பிடித்துத் திரிந்ததை ஆறாவது மாடியில் அடைத்தோம். குட்டி போடாதபடி அறுவை செய்தோம். கிண்ணம் காலியாகும் முன்னே தீனியைக் கொட்டினோம். அது முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தால் ‘ஐயோ, என் தங்கத்துக்கு என்ன கோவம்’ என்று மத்தி மீனைப் பொரித்து ஊட்டினோம். வயிறு தரையில் இழுபட்டால் அழகு என்றோம். கோகிலா கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனாள். தினம் இரண்டு ஊசி போடச் சொன்னால் பாதிப் பேர் பூனைக்கு வலிக்கும் என்று போடாமல் விட்டார்கள். மணி வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டாள். இரண்டு வருஷத்தில் அறுபத்து மூன்று பூனைகளுக்கு அவள் கையாலேயே வைத்தாள். அருமையாக வேலை செய்தது. அப்படித்தான் கம்பெனிக்கு எழுதியும் கொடுத்தாள்.

அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் கம்பெனி மனுஷ மணியைக் கொண்டுவந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்பு அதில் ஒன்று அவள் புருஷன் சென்னியப்பனின் வயிற்றுத் தோலுக்கடியில் போய் உட்கார்ந்தது.

அவர் வேண்டாம் என்றார். அவள்தான் விடவில்லை. “நம்ம பொண்ணு தாரிணி கல்யாணத்துக்கு ஓடியாடணும், சுகர் மாத்திரைய மறந்துட்டு மயங்கி விழுந்தா யாரு பாக்கறது? பூனைக்கே ஒத்துப்போச்சுங்க, உங்களுக்கு ஒத்துக்காதா?” என்றாள். “அப்ப என்னையப் பூனையோட சேத்துட்ட,” என்று சிரித்துக்கொண்டே போய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தார். அப்படியே, இனிப்பைக் கையால் தொடமாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியமும் செய்து கொடுத்தார்.

அன்றைக்கு மணியை முடுக்கிவிட வந்த கம்பெனி இன்ஜினீயர் நிவேதன் அவரை ‘ஆச்சு’ என்று மூன்று தடவை சொல்லச் சொன்னான். சாப்பிட்ட தகவலை அந்த வார்த்தையில்தான் மணி தெரிந்துகொள்ளுமாம். “டாக்டர், நீங்களும் மூணு தரம் சொல்லிடுங்க. சார் மறந்தாலும் வீட்டு ஆள் சொன்னா அது எடுத்துக்கும்,” என்றான். ஆச்சு, ஆச்சு, ஆச்சு என்று அவளும் சொன்னாள். தாலி கட்டுகிற அன்றைக்குக்கூட நீ இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை என்று சென்னியப்பன் கேலி செய்தார்.

இன்று காலை இரண்டு பேரும் சேர்ந்துதான் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்புவதாக இருந்தது. முதலில் குலதெய்வத்துக்குப் பத்திரிகை, அதற்குப் பிறகு சொந்தக்காரர் வீடுகள். சாமிக்கு வைக்கிறவரை பல்லில் பச்சைத் தண்ணி படக்கூடாது என்று அவர் வெறும் வயிற்றோடு இருந்தார். காரில் ஏறும் நேரத்தில் நாச்சிமுத்துவின் போன் வந்தது. பெண்ணுக்கு அம்மா போகாமல் பத்திரிகை வைப்பது மரியாதை இல்லைதான். ஆனால் ஒரு உயிர் துடித்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? “நீ போய்ப் பாரு கண்ணு, நான் சமாளிச்சுக்கறேன்,” என்று அவர் பத்திரிகைத் தட்டை முன் சீட்டில் வைத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார்.

மூன்று பூனைகளுக்கு என்ன நடந்தது என்று தெரியாது. அதே மணியோடு அவர் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். கோகிலா ஜாங்கிரியின் தோலைக் கீறினாள்.

மணியை எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்தாள். கழுவித் துடைத்துப் பார்த்தாள். கீறல் இல்லை, ஓட்டை இல்லை, கசிவு இல்லை. மருந்து மட்டும் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக இருந்தது.

“காலைல என்னங்க சாப்பிட்டான்?” என்று கேட்டாள்.

“எங்கீங்க சாப்பிட்டான்? வெச்ச தீனி வெச்சபடி கெடக்குது. வெடியால எட்டு மணிக்கே சம்பந்தி வீட்ல இருந்து வந்துட்டாங்க. அந்தக் கொழந்தைங்க போட்ட சத்தத்துல கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சவன்தான். ஒரு வாய் திங்கல.”

கோகிலா முன்பு செத்த இரண்டு பூனைகளின் சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். சிங்காரி செத்த அன்று வீட்டில் சீமந்தம். மிட்டு செத்த அன்று சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார்கள், பக்கத்து வீட்டார் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். பூனை தீனியைத் தொடவில்லை என்று வீட்டார் சொல்லியும், வந்தவர்கள் எதையோ தின்னக் கொடுத்து மணி மருந்தைக் கூட்டி விட்டிருக்கும் என்றுதான் இரண்டு தடவையும் அவள் எழுதி வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் மூன்று பூனைகளுமே வெறும் வயிற்றோடு செத்திருக்கின்றன. தின்னாத பூனைக்கு மணி எதற்கு மருந்து விட்டது?

வெளியே கூட்டிக்கொண்டிருந்த மரகதம் உள்ளே எட்டிப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக அந்த கிளினிக்கில் இருக்கிறவள். துக்கத்தில் நிற்கிற மனுஷரைப் பார்த்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது.

“ஐயா, எத்தன நேரம் நிப்பீங்க? இப்படி உக்காருங்க. காத்தால சாப்டீங்ளா?”

“ஆச்சும்மா, ஆச்சு,” என்றார் நாச்சிமுத்து.

டிங்.

மூன்று பேரும் தட்டைப் பார்த்தார்கள். மணியின் நுனியில் ஒரு சொட்டு மருந்து திரண்டு, நின்று, ஸ்டீல் தட்டில் வழிந்தது.

“அய்யோ சாமி, செத்ததுக்கப்புறமும் அடிக்குது,” என்று மரகதம் நெஞ்சில் கை வைத்தாள்.

கோகிலா மணியைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது. அவருடைய வயிறு இரைகிற சத்தம் மேஜைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

“நிஜமா சாப்டீங்களா ஐயா?”

அவர் தலையைக் குனிந்தார். “இல்லீங்க அம்முணி. அவன் அப்படிக் கெடக்கறப்ப எங்க எறங்குது? கேட்டாங்கன்னா ஆச்சுன்னு சொல்றதுதான? இல்லைன்னா அந்தம்மா போய் வாங்கிட்டு வரும், எதுக்கு வீண் செரமம்?”

“காலைல சம்பந்தி வீட்ல கேட்டாங்களா?”

“கேக்காம இருப்பாங்களா? அவரு கேட்டாரு, அந்தம்மா கேட்டாங்க. அப்புறம் பையன் போன்ல கேட்டான். கீழ் வீட்டுக்காரர் வந்து கேட்டாரு. அத்தன பேருக்கும் ஆச்சு ஆச்சுன்னேன்.”

கோகிலா போனை எடுத்தாள். நிவேதன் முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

“நிவேதன், பூனை மணியும் ‘ஆச்சு’ன்னு கேட்டுத்தான் மருந்து விடுதா? சுருக்காச் சொல்லுங்க.”

“சுகர் ஏறினப்புறம் மருந்து விட்டா லேட்டுங்க டாக்டர். சாப்பிட்ட உடனே விடணும். மொதல்ல போன்ல பட்டன் வெச்சோம், ஒருத்தரும் அமுக்கல. அப்புறந்தான் மணிக்குக் காது வெச்சோம். பூனைக்குச் சோறு வெச்சா வீட்ல பேசாம இருப்பாங்களா? தங்கம் சாப்டாச்சான்னு ஒருத்தர் கேப்பாங்க, ஆச்சுன்னு ஒருத்தர் சொல்வாங்க. வீட்டு ஆள் குரல்ல ஆச்சுன்னு விழுந்தா ஒரு சாப்பாடுன்னு எடுத்துக்கும்.”

“சுகர் நிஜமா ஏறுதான்னு பாக்காதா?”

“பாக்குங்க. கடைசியாப் பாத்தப்ப கொஞ்சம் ஏறி இருந்தா சாப்டுச்சுன்னு உறுதி பண்ணிக்கும். குளுக்கோஸ் ஏத்தினாலும் ஏறினதாத்தான் எடுத்துக்கும்.”

“பயந்தாலே பூனைக்கு சுகர் ஏறும், நிவேதன்! கூடைல வெச்சு இங்க தூக்கிட்டு வந்தாலே முன்னூறு காட்டும். வீட்டுக்கு ஆளுங்க வந்தா ஓடி ஒளியும். அப்ப சுகர் ஏறும். அதே நேரத்துல வந்தவங்க வீட்டுக்காரர்கிட்ட மொதல்ல என்ன கேப்பாங்க?”

“சாப்டீங்களாம்பாங்க,” என்றான் நிவேதன். குரல் இறங்கிப்போயிருந்தது. “டாக்டர், நாங்க சோதனை பண்ணினது கூண்டுல வெச்ச பூனைங்கள. அங்க விருந்தாளியெல்லாம் வரல. நான் தலைமை ஆபீஸ்ல பேசறேன். ஆச்சுங்கறது பூனையப் பத்தியா மனுஷனப் பத்தியான்னு பிரிச்சுப் பாக்கற மாதிரி ஒரு வாரத்துல மாத்திடலாம். நல்லவேளை, மனுஷ மணில இந்தத் தொந்தரவு வராது.”

“ஏன் வராது?”

“பூனைக்காக இன்னொருத்தர் பதில் சொல்றதாலதான இந்தக் குழப்பம்? மனுஷன் அவன் சாப்பிட்டதப் பத்தி அவனே சொல்றான். அதனால அதுல சுகரக்கூட ஒத்துப் பாக்க வேண்டியதில்ல, வார்த்தைய அப்படியே நம்பிடும். தான் சாப்பிட்டமா இல்லையாங்கறதுல யாராச்சும் பொய் சொல்வாங்களா?”

அப்பாடா என்று இருந்தது கோகிலாவுக்கு. அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. எதிரே ஸ்டூலில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். மரகதம் கொண்டுவந்த டீயை வேண்டாம் என்று கையால் தடுத்துக்கொண்டிருந்தார்.

“நிவேதன்,” என்றாள். “மனுஷ மணி எத்தன நேரத்துக்கு ஒரு தரம் விடும்?”

“அரை மணிக்கு ஒரு தரங்க. விசேஷ நாள்ல அப்பப்பக் கொஞ்சம் கொஞ்சமாச் சாப்பிடுவாங்கன்னு அப்படி வெச்சிருக்கோம்.”

“சுகர் எறங்கினா நிறுத்திக்குமா?”

“நிறுத்திக்குங்க. ஆனா தோலுக்கடியில பாக்கற கணக்கு ஒரு மணி நேரம் பின்தங்கித்தான் காட்டும். அதுக்குள்ள விட்டத ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

“நீங்க அங்கிருந்து நிறுத்த முடியுமா?”

“முடியாதுங்க, அவங்க போன்ல இருந்துதான்... யாருக்குங்க டாக்டர்?”

அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்றே கால். வீடுகளின் பட்டியலை அவளே நேற்று எழுதிக் கொடுத்திருந்தாள். மத்தியானத்துக்குள் பதினொரு வீடு. பத்திரிகை வைக்கப் போனவரிடம் தட்டை வாங்கும் முன்னே எல்லா வீட்டிலும் அதைத்தான் கேட்பார்கள். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் நனைக்காமல் வந்தால் அது ஜென்மத்துக்கும் பகை. அதனால் சென்னியப்பன் எங்கேயும் சாப்பிடமாட்டார். வாசல்படியில் செருப்பைக் கழற்றும்போதே ‘ஆச்சுங்க, இப்பத்தான் ஆச்சு’ என்று சொல்லிக்கொண்டே நுழைவார். அந்தச் சாமர்த்தியத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான்.

அவர் போனுக்கு அடித்தாள். போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. போனைக் காரிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போகிற பழக்கம். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. பட்டியலில் ஒன்பதாவது வீடு அவருடைய சின்னத்தை வீடு. அங்கே அடித்தாள்.

“அட கோகிலாவா? வாரேன்னுட்டு வராமப் போயிட்டியே அம்முணி,” என்றாள் சின்னத்தை. “தம்பி கெளம்பி அரை மணிக்கு மேல ஆச்சு. இல போட்டு வெச்சிட்டோம், உக்காரவே மாட்டேனுட்டாரு. ஆச்சு ஆச்சுன்னு ஒரே புடிவாதம். என்ன வெயிலு பாரு, மொகமெல்லாம் வேர்த்துக் கொட்டுது. கை நடுங்கித் தட்டக் கீழ போடப் பாத்தாரு. கல்யாண அலைச்சல் இல்லியா.”

கோகிலா போனை வைத்துவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் ஜாங்கிரியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். பாவி, பாவி என்று தன்னையே திட்டினாள். பூனைக்கே ஒத்துப்போச்சு என்று சொன்ன வாயில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அழுதால் ஆகாது. என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்தாள். பத்திரிகைத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமத்தோடு ஒரு கிண்ணம் கல்கண்டு இருக்கிறது. கை நீட்டினால் எட்டுகிற தூரம். சத்தியம் செய்து கொடுத்தவர், தானாகத் தொடமாட்டார். அவள் சொன்னால் தொடுவார். ‘வாயைத் திறக்காதீங்க, பேசாதீங்க. சத்தியமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கல்கண்ட அள்ளி வாயில போடுங்க.’ அவ்வளவுதான். சாப்பிட்டீர்களா என்று தப்பித் தவறிக்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் பொய் சொல்வார். பொய் சொன்னால் மணி அடிக்கும். இரண்டு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை அடித்தாள். நான்கு தடவை ரிங் போனது. ஐந்தாவதில் எடுத்தார். காரின் ஸ்பீக்கரில் ஏசி இரைகிற சத்தம் முதலில் வந்தது.

“கோகிலா.” நாக்கு தடித்த மாதிரி, தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது அவர் குரல். “வண்டிய ஓரமா நிறுத்திட்டேன் கண்ணு. லேசாக் கிறுகிறுங்குது. இன்னும் ரெண்டு வீடுதான் பாக்கி.” பிறகு, எப்போதும் போல, “நீ சாப்டியா?” என்றார்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் இதைக் கேட்காத மத்தியானம் கிடையாது. பட்டினியாக இருந்தாலும் பாதி வயிற்றோடு இருந்தாலும் அவள் சொல்கிற பதிலும் ஒன்றுதான். அவர் மனசு கஷ்டப்படக் கூடாது, அவ்வளவுதான் அதில் இருக்கிற பொய். கல்கண்டு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

“ஆச்சு,” என்றாள்.

மறுமுனையில், மூடிய காருக்குள்ளே, மணி அடித்தது.